ஒரு தயிர்வடையும் வலது மூச்சும்

6.9.2009, ஞாயிறு

இன்றும் இடது.

விடிந்ததும் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஆவி பெரிய வட்டமாகப் படிந்தது. வலப்பக்கம் மிளகு அளவுகூட இல்லை. ஞாயிறு காலையில் வலது நாசியில் மூச்சு ஓடவேண்டும். அது சூரிய கலை. அதுவும் நான் போகவேண்டியது வழக்குப் பேச. வழக்கு, வாதம், எதிராளியை மடக்குவது எல்லாவற்றுக்கும் வலது மூச்சுதான். பெண் கேட்பது, நகை வாங்குவது, பிரிந்தவர்களைச் சேர்ப்பது போன்ற மெத்தனமான காரியங்களுக்கு இடது, அது சந்திர கலை. இதை நானாகச் சொல்லவில்லை. சர சாஸ்திரம் சொல்கிறது.

ஆகவே சிதம்பரம் போகவில்லை. பையில் வைத்த வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். போன மாதம் நெல்லிக்குப்பத்தில் என் மைத்துனன் மணவாளன் மகளுக்கு வளைகாப்பு. பந்தியில் என் மனைவி ஞானாம்பாள் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கப உடம்பு. சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் முதல் தினமும் காலையில் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து வருகிறேன், எனக்குத் தெரியாதா? கப உடம்புக்குத் தயிர் ஆகாது, பகல் தூக்கம் ஆகாது, வாழைப்பழம் ஆகாது. வீட்டில் இதையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தேன். பந்தியில் அவள் இலையில் தயிர்வடை வைத்தார்கள். அவள் அதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். எழுந்துபோய் எடுத்துவிட்டேன். கையால்தான் எடுத்தேன். வேறு எதால் எடுப்பது? சுற்றி இருந்தவர்கள் கேட்டதால் காரணமும் சொன்னேன். இவள் நாடி தவளைபோல் குதிக்கிறது என்றேன். அவளையே தவளை என்று சொன்னதாக மணவாளன் மனைவி அடுப்படி வரைக்கும் பரப்பிவிட்டாள்.

ஞானாம்பாள் பாதி இலையில் எழுந்தாள். மகள் அமராவதியோடு அப்படியே சிதம்பரத்துக்கு, மகள் வீட்டுக்கே போய்விட்டாள். இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது?

9.9.2009, புதன்

அமராவதி போன் செய்தாள். அம்மா திரும்பி வர ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாளாம். நாலு பேர் உட்கார்ந்த பந்தியில், எடுத்த அதே கையால், அவள் இலையில் ஒரு தயிர்வடையை நான் வைக்கவேண்டும்.

சுக்கு வைக்கிறேன் என்றேன்.

மகளுக்குப் பின்னாலிருந்து ஞானாம்பாளின் குரல் கேட்டது. “மூக்கு தொறந்துச்சான்னு கேளுடி.”

போனை வைத்துவிட்டேன். போன ஞாயிறு நான் கிளம்பாததை அவளுக்கு யார் சொன்னது? மணவாளனைத் தவிர வேறு யார்.

13.9.2009, ஞாயிறு

இடது. ஆனாலும் கிளம்பினேன். போகும் வழியில் மாற்றிவிடலாம் என்பது என் திட்டம். இடப்பக்கமாகக் கொஞ்ச நேரம் படுத்தால் வலது நாசி திறந்துகொள்ளும். இது அனுபவத்தில் கண்டது.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூர் வரைக்கும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, எங்கே படுப்பது? கடலூர் பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் இடப்பக்கமாகப் படுத்துக் கண்ணை மூடினேன். மூச்சு மாறும் நேரத்தில் பேசக்கூடாது. பக்கத்தில் ஒரு பூக்கார அம்மாள் “ஐயா, என்னா பண்ணுது?” என்று கேட்டாள். பேசவில்லை. இன்னொருவன் தோளைப் பிடித்து உலுக்கினான். பேசவில்லை. யாரோ முகத்தில் சோடாவை அடித்தார்கள். அப்போதும் பேசவில்லை. வலது நாசி திறக்கும் நேரத்தில் 108 வண்டியே வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். ஏற்றினவர்கள் என்னை வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். அதோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன். திறந்தபின் மூடவில்லை. என் கையைப் பிடித்து நாடி பார்த்த ஊழியனின் கையை நான் பிடித்துப் பார்த்தேன். அட்டைபோல் ஊர்ந்தது. பித்தம், ஊறுகாயை நிறுத்து என்றேன். அவன் டிரைவரைப் பார்த்துச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சோடா உடம்பெல்லாம் பிசுபிசு.

14.9.2009, திங்கள்

ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பால்காரி அரை லிட்டர் ஊற்றிவிட்டு, “ஒடம்பு தேவலாமா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். உடம்புக்கு என்ன?

27.9.2009, ஞாயிறு

இடது. இடது. இடது. அவள் இந்த வீட்டில் இருந்தவரை எழுந்ததும் வலதுதான் ஓடும். அதனால்தான் காலையில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. அவள் போன நாளிலிருந்து ஒரு காலைகூட வலது இல்லை.

எனக்கு விளங்காத ஒன்று: படுக்கும்போது இடப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன். விழிக்கும்போது வலப்பக்கம் திரும்பிக் கிடக்கிறேன். யார் திருப்பிப் போடுகிறார்கள்?

மெத்தைப் பஞ்சு ஒருபக்கம் அமுங்கியிருக்கவேண்டும். எடை மேடையில் தட்டு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். அப்படி நிற்காவிட்டால் குற்றம் கரும்பில் இல்லை, மேடையில். நாளைக்குப் பஞ்சைக் கொட்டிப் புதிதாகத் தைத்துவிடுகிறேன்.

4.10.2009, ஞாயிறு

மெத்தை தைத்தாயிற்று. வீடெல்லாம் பஞ்சு. தும்மினேன். இடப்பக்கமாக மட்டும்தான் தும்மல் வந்தது.

வேறு வழியும் இருக்கிறது. யோகிகள் இடது அக்குளில் தண்டம் ஒன்றை அழுத்தி வைத்துக்கொள்வார்கள், வலது நாசி திறக்கும். வீட்டில் தண்டத்துக்கு எங்கே போவது? மோர் கடையும் மத்து இருந்தது. அதை அக்குளில் செருகிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். மணவாளன் சைக்கிளில் எதிரே வந்தான்.

“என்னா மாமா, மோர் விக்க கெளம்பிட்டீங்களா?”

வரிசையில் நின்ற ஒருவர் அக்குளில் கட்டியா என்று விசாரித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் போடச் சொன்னார். எனக்கே மருந்து சொல்கிறார். மத்தின் பூப்பக்கம் விலாவில் குத்திச் சிவந்துவிட்டது. மூச்சு மாறவில்லை.

17.10.2009, சனி, தீபாவளி

லேகியம் கிளறினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், எல்லாம் கணக்காக. அருமையாக வந்தது. சாப்பிட ஆளில்லை.

மணவாளன் வந்து ஒரு உருண்டை தின்றான். அவன் முகத்தை வைத்து ருசியைச் சொல்லமுடியாது.

8.11.2009, ஞாயிறு

விடாத மழை. சமையலில் எனக்குக் கை வரவில்லை என்று எழுதப்போவதில்லை. அரிசிதான் சரியில்லை. வயிற்றில் வாயு சேர்ந்து எந்நேரமும் உருட்டுகிறது. ஊரில் எல்லோருக்கும் வாத பித்த கபத்தைப் பிரித்துச் சொல்பவன் நான், என் முக்குற்றமும் சமமாக இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது வாதம் எடுத்தெறிகிறது.

பால் மீந்து போகிறது. உறை ஊற்றி வைக்கிறேன். தயிராகிறது. அதைச் சாப்பிடாதே என்று சொல்ல எதிரில் யாரும் இல்லை. புளித்துப்போனதும் முருங்கை மரத்தடியில் ஊற்றுகிறேன். முருங்கைக்கு என்ன உடம்பு என்று தெரியவில்லை. நன்றாகக் காய்க்கிறது.

22.11.2009, ஞாயிறு

இதை எழுதுவதா வேண்டாமா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எனக்குப் பகல் தூக்கத்துக்குத் தடை இல்லை. மணவாளன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்திருக்கிறான். வீட்டில் பெண்பிள்ளை இல்லை என்றால் எல்லோருக்கும் திறந்த வீடுதான். விழித்துப் பார்த்தேன், ஞானாம்பாளின் வெறும் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அக்கா இருந்தப்ப நீங்க செவுத்தப் பாத்துதான் படுப்பீங்க. இப்ப எப்ப வந்து பாத்தாலும் இந்தக் கட்டிலப் பாத்துகினே கெடக்குறீங்க.”

எங்கள் அறையில் கட்டில் கிடக்கும் விதம் இதுதான். சுவர் ஓரமாக என் கட்டில். அதற்கு வலப்பக்கம் அவளுடையது. இடப்பக்கம் திரும்பினால் சுவர். வலப்பக்கம் திரும்பினால் அவள் கட்டில்.

பஞ்சு அமுங்கியிருக்கிறது என்றேன்.

“பஞ்சா?” என்றான். முறுக்கு கொண்டுவந்திருந்தான், வைத்துவிட்டுப் போனான். அவன் வாயை அடைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் போகும்போது அந்த வெறும் கட்டிலின் போர்வையை நீவிச் சரிசெய்துவிட்டுப் போனான். அதுதான் பிடிக்கவில்லை.

23.11.2009, திங்கள்

அதில் ஒரு பொருளும் இல்லை.

29.11.2009, ஞாயிறு

சரி, ஒரு பேச்சுக்கு அவன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். உடம்பு தூக்கத்தில் அந்தக் கட்டில் பக்கம் திரும்புகிறது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், கிழக்குக் காற்றாக இருக்கட்டும். அப்படியானால் என் கட்டிலைத் தூக்கி அவள் கட்டிலுக்கு மறுபக்கம் போட்டுவிட்டால்? அந்தக் கட்டில் பக்கம் திரும்பவும் திரும்பலாம், அது இடப்பக்கமாகவும் ஆகிவிடும். வலது நாசி திறக்கும்.

இது ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை! தேக்குக் கட்டில். தனியாக இழுத்தேன். அலமாரிக் கதவு இனி பாதிதான் திறக்கும். பரவாயில்லை.

6.12.2009, ஞாயிறு

வலது! வலப்பக்கம் கண்ணாடியே மறையும் அளவுக்கு ஆவி! மூச்சு கொல்லன் துருத்திபோல் வீசியது. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சிதம்பரத்தில் மாப்பிள்ளை அன்பரசு வீட்டு வாசற்படியை வலது காலை முன்னே வைத்துத் தாண்டினேன். எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் கால்தான் முதலில். இந்த நியமத்தை என்றைக்கும் விட்டதில்லை.

ஞானாம்பாள் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை தூக்கி என் காலை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரைக்காயையே பார்த்தாள்.

பேசினேன். மனதில் இருந்ததை எல்லாம் வரிசையாகப் பேசினேன். கபம் மிஞ்சினால் நெஞ்சில் சளி கட்டும், மூட்டில் நீர் சேரும், போன வருடம் அவள் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டி வந்தது எதனால்? தயிரால். வடையை எடுத்தது யாருக்காக? எனக்காகவா? மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, நீங்க சொல்றது கரெக்ட்தான் மாமா என்றார். அமராவதி காபி கொண்டுவந்து வைத்தாள், மறுபேச்சுப் பேசவில்லை. என் பேச்சில் பிசிறே இல்லை.

ஞானாம்பாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னிடம் அல்ல, மகளிடம் சொன்னாள். “செயிச்சாச்சில்ல. மழைக்கு முன்னால பஸ் ஏறச் சொல்லு.”

வழக்கில் எனக்கே வெற்றி. கடலூர் வரும்வரை பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நனைந்த குடையை அதில் வைத்துக்கொண்டேன்.

7.12.2009, திங்கள்

இன்றும் வலது. என்ன செய்வது இதை வைத்துக்கொண்டு?

20.12.2009, ஞாயிறு

வலது. பால்காரியிடம் தண்ணீர் கலப்பதாக வழக்குப் பேசினேன். வென்றேன். நாளை முதல் பால் கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

14.1.2010, வியாழன், பொங்கல்

பொங்கல் பொங்கியது. கொஞ்சம் அடி பிடித்தது. அமராவதி போனில் வாழ்த்துச் சொன்னாள். நாளை மறுநாள் காணும் பொங்கலுக்கு எல்லோரும் சிதம்பரத்தில் கூடுகிறார்களாம், மணவாளன் குடும்பத்தோடு வருகிறானாம். என்னை வா என்று அவள் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “முட்டி வலிக்குதுன்னு சொல்லுச்சிப்பா” என்றாள்.

தயிர் தின்றாளா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

15.1.2010, வெள்ளி

சூரிய கிரகணம். மாட்டுப் பொங்கலன்று இப்படி வந்ததில் ஊருக்கே குழப்பம், மாட்டைக் குளிப்பாட்டுவதா வேண்டாமா என்று. நான் சமைக்கவில்லை. கிரகண வேளையில் அடுப்பு மூட்டக்கூடாது. மூட்டினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது.

வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்று டி.வி.யில் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அலமாரியைத் துழாவினேன். பாதி திறக்கும் கதவுக்குள் கைக்குக் கிடைத்தது ஞானாம்பாளின் எக்ஸ்ரே. கொல்லைக்குப் போய் அதைப் பிடித்து ஒரு கணம் பார்த்தேன். அவள் முழங்கால் எலும்புக்குப் பின்னால் சூரியன் அரிவாள்போல் வளைந்து நின்றது.

வெயில் பழுத்த மஞ்சளாகி மங்கியது. காற்று குளிர்ந்தது. முருங்கை மரத்தில் காக்கை அடங்கியது. சூரியன் எவ்வளவு பெரியவன், சந்திரன் எவ்வளவு சின்னவன்! பட்டப்பகலில் குறுக்கே வந்து நின்றான். சூரியன் வழக்குப் பேசவில்லை. சும்மா இருந்தான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது, காக்கையும் கத்தியது. சூரியனுக்கு என்ன குறைந்துவிட்டது?

உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தேன். இடது.

கட்டிலை மாற்றிப்போட்ட பிறகு இதுவே முதல் முறை. பிரிந்தவர்களைச் சேர்ப்பதற்கு இடது என்று முதலில் நானே எழுதியிருக்கிறேன். மெத்தனமான காரியம் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையை அடிக்கப்போவதில்லை. எழுதினது எழுதினதுதான். ஆனால் இன்று இரவு வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்தால் நாளைக்கும் மூச்சு மாறாமல் இருக்கும்.

16.1.2010, சனி

இடது. சனிக்கிழமை காலையில் வலதுதான் ஓடவேண்டும். நியமப்படி இன்றைக்குப் பயணம் கூடாது. கிளம்பினேன்.

அன்பரசு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, இடது காலை முன்னே வைத்து உள்ளே போனேன். மாப்பிள்ளையின் தாயார் ரத்தினம்மாள் கூடத்தில் இருந்தார். நல்ல நாளும் அதுவுமாகச் சம்பந்தி இடது காலை வைத்து நுழைகிறாரே என்று அந்த அம்மாளுக்கு முகம் வெளிறிப்போனது. மணவாளன் வாயில் கையை வைத்துக்கொண்டான்.

ஞானாம்பாள் அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள். வலது மூச்சுக்கு எது, இடது மூச்சுக்கு எது என்று இத்தனை வருடம் அவளுக்குக் காதில் ஓதியவன் நான்தானே. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே திரும்பி மகளிடம் சொன்னாள்.

“அமராவதி, இன்னும் நாலு வடைய எடுத்துத் தயிர்ல போடு.”

பந்தி உட்கார்ந்தது. எனக்கும் இலை போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. அமராவதி கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினேன். எல்லோரும் சோற்றைப் பிசைவதுபோல் குனிந்துகொண்டார்கள். மணவாளன் மட்டும் குனியவில்லை, திருட்டுப் பயல். ஞானாம்பாள் இலைக்கு முன்னால் போய்க் குனிந்தேன். கரண்டி பாத்திரத்திலேயே இருந்தது. அதைத் தொடவில்லை. கையால் ஒரு வடையை எடுத்து வைத்தேன். தயிர் முழங்கை வரைக்கும் வழிந்தது.

அவள் இலையைப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணுதானா?”

இரண்டாவதையும் வைத்தேன். மூன்றாவதை வைத்தபோது போதும் என்று கையை மறித்தாள். கை என் கைமேல் பட்டது. பழக்கதோஷம், விரல் அவள் நாடியைத் தேடிப் போனது. தவளை நன்றாகத்தான் குதித்தது. ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என் இலையில் அவள் இரண்டு வைத்தாள். சாப்பிட்டேன். உளுந்து நன்றாக அரைபட்டிருந்தது என்பதைக் குறித்து வைக்கிறேன்.

18.1.2010, திங்கள்

பஸ்ஸில் வந்தோம். பக்கத்து இடத்தில் அவள். மடியில் குடை. புதுச்சத்திரம் தாண்டியதும் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டாள். நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

20.1.2010, புதன்

ஞானாம்பாள் வீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இடுக்கெல்லாம் பஞ்சு, அடி பிடித்த பானை, காணாமல் போன கரண்டிகள். பால்காரி வீட்டுக்கு அவளே போய்ப் பேசினாள். நாளை முதல் முக்கால் லிட்டர். அரை லிட்டர் போதும் என்றேன். உறைக்கு வேண்டும் என்றாள். மத்தை அவள் தேடியபோது நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

24.1.2010, ஞாயிறு

இரண்டு நாசியும் அடைப்பு. சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. கண்ணாடியில் ஒரு புள்ளி ஆவி இல்லை. ஜலதோஷம். தயிரால் வந்ததுதான் இது, சந்தேகமே இல்லை. நான் சொன்னது அத்தனையும் சரி என்பதற்கு என் மூக்கே சாட்சி. ஆனால் தின்றது நான். தினமும் மூன்று வேளை தின்று தும்மாமல் நடமாடுகிறவள் அவள். இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்தாள். சூடு பதமாக இருந்தது.

அலமாரிக் கதவு பாதியோடு நிற்கிறது, கட்டிலைப் பழையபடி சுவர் ஓரமாகப் போட்டுவிடுங்கள், மணவாளன் வந்தால் ஒரு கை பிடிப்பான் என்றாள்.

இங்கேயே இருக்கட்டும், காற்று வருகிறது என்றேன்.

“சன்னலு அந்தச் செவுத்துப் பக்கமில்ல இருக்குது?” என்றாள்.

கஷாயத்தைக் குடித்தேன்.